ரெண்டு தட்டு இடைவெளி

சாம்பல் புதனுக்கு மறுநாள் காலை, பொன்மலை ரயில்வே பட்டறையில் சங்கு ஊதி ஓய்ந்த கையோடு, சவரிநாயகம் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மாத்திரை போட்டுட்டேன்" என்று மனைவி அகத்தாவிடம் சொன்னார், சொல்லிவிட்டு வழக்கம்போல் ஒரு மூச்சு நிறுத்தினார், நிறுத்திய அந்த இடத்தில், சமையலறையிலும் இல்லாமல் கூடத்திலும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில் எங்கிருந்தோ, ஒரு பெண்ணின் குரல் சுத்தமான சுருதியில் "நெசமா?" என்று கேட்டது.

அகத்தா முதலில் போய் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தாள். வியாழக்கிழமைக் குழியில் வெள்ளை மாத்திரை அப்படியே இருந்தது. அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள் வேறொரு பொம்பளை இருக்கிறாள் என்பது அவளுக்கு உறைத்தது. கட்டிலுக்கு அடியில் பார்த்தாள், கொல்லையில் பார்த்தாள், துவைக்கிற கல்லுக்குப் பின்னால் பார்த்தாள், எதற்கும் இருக்கட்டும் என்று மாதா படத்துக்குப் பின்னாலும் ஒருமுறை பார்த்தாள். யாரும் இல்லை. ஆளில்லாமல் குரல் மட்டும் வந்ததை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் குரல் யாருடையது என்று தெரிந்துவிட்டதும்தான் நேரே புருஷன் முன்னால் வந்து நின்றாள்.

"அவதானே?" என்றாள்.

"எவ?" என்றார் சவரிநாயகம்.

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேளுங்க."

எவள் என்பதை இங்கேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். சவரிநாயகம் பட்டறையில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்தவர், வாரம் முழுக்கக் கையில் ஸ்பானரும் சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் மைக்குமாக வாழ்ந்தவர், ரயில்வேக்காரர்களின் கிளப்பான இன்ஸ்டிடியூட்டின் மரத்தரையில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஜோடி ஜோடியாக ஆடிய காலத்தில் 'பாயிலர் பாய்ஸ்' என்ற பேண்டில் சோல் பாட்டுப் பாடி, 'சோல் சவரி' என்று ஊருக்கே பேரானவர். கப்பலில் சமையல் வேலை பார்த்த ஒருவன் அமெரிக்கக் கறுப்பர்கள் பாடிய சோல் இசைத்தட்டுகளைக் கொண்டுவந்து போட்டுக் காட்டியபோது, 'இது நம்ம கோயில் மன்றாட்டு மாலைதானே, ஒருத்தர் கூப்பிடுறாரு, ஊரே பதில் சொல்லுது' என்று அவருக்குத் தோன்றியது. அன்றைக்கே அந்த மாதிரியில் தமிழில் ஒரு பாட்டுக் கட்டினார். 'வந்துருவேன்னு சொன்னேனே' என்று அவர் பாடுவார். பாடிவிட்டுத் தாளத்தில் ரெண்டு தட்டு நிறுத்துவார். அந்த ரெண்டு தட்டுக்குள் அவருடைய இடது தோளுக்குப் பின்னால் நின்று, கப்பல்காரனின் தங்கை ஐரீன், தலையைச் சாய்த்து, 'நெசமா?' என்று கேட்பாள். இன்ஸ்டிடியூட் கூரை பிய்த்துக்கொண்டு போகும்.

புள்ளம்பாடியிலிருந்து அகத்தாவைப் பெண் பேசி, கோயிலில் கலியாண ஓலை வாசிக்கத் தொடங்கியிருந்த நேரம் அது. இன்னாரும் இன்னாரும் கட்டிக்கொள்ளப் போகிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை சாமியார் வாசிக்க வேண்டும். முதல் ஓலைக்கும் இரண்டாம் ஓலைக்கும் நடுவில் வந்த சனிக்கிழமை, அண்ணன் துணையோடு இன்ஸ்டிடியூட்டுக்கு வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்த அகத்தா, அந்த 'நெசமா?'வைக் கேட்டாள். இப்படி ஒரு பெண் ஓர் ஆணைக் கேட்டால் நடுவில் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று முடிவு கட்டினாள். மறுநாளே சவரிநாயகத்துக்கு ஆள்விட்டுச் சொன்னாள்: மூன்றாம் ஓலைக்குள் அவள் அந்த மேடையை விட்டு இறங்கவில்லையென்றால், தடை இருக்கிறது என்று நானே சாமியாரிடம் போய்ச் சொல்வேன்.

ஐரீன் இறங்கினாள். 'அவ தானாவே போயிட்டா' என்று சவரிநாயகம் ஊருக்குச் சொன்னார். அடுத்த வருஷம் ஐரீனின் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறியது. சவரிநாயகம் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டேதான் இருந்தார், ஆனால் அந்த இடத்தில் வேறு யாரையும் நிறுத்தவில்லை, இடத்தை மூடவும் இல்லை. ரெண்டு தட்டு காலியாகப் போகும். 'சவரி ஸ்டைல்' என்று ஜனங்கள் அதற்கும் கைதட்டினார்கள். நாளாக ஆக அது அவர் பேச்சிலும் தொற்றிக்கொண்டது. குழம்பில் உப்பில்லை என்று சொன்னாலும் சொல்லிவிட்டு ரெண்டு தட்டு நிறுத்துவார். அந்த ஒவ்வொரு நிறுத்தத்திலும், நாற்பத்தெட்டு வருஷமாக, அகத்தா ஐரீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவளே வந்துவிட்டாள்.

பக்கத்து வீட்டுத் தையல்காரி குல்சார் கறிவேப்பிலை கேட்டு வந்தபோது, சவரிநாயகம் "நேத்துதான் பறிச்சோம், இல்லம்மா" என்றார். "நெசமா?" என்றது குரல். குல்சார் அண்ணாந்து பார்த்தாள், பிறகு கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தாள், மரம் நிறைய இலை இருந்தது. "யாருக்கா அது, விருந்தாளியா? நியாயமான பொம்பளையா இருக்காங்களே" என்று சொல்லி ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு போனாள். சாயங்காலத்துக்குள் விஷயம் பட்டறையின் ஆர்மரி கேட் வரைக்கும் போய்விட்டது.

அதற்குப் பிறகு தவக்காலம் முழுக்க அந்த வீட்டுக்கு வராத ஆளில்லை. குரல் சவரிநாயகத்தின் பேச்சுக்கு மட்டும்தான் வந்தது என்பதால், சந்தேகம் இருந்தவர்களெல்லாம் அவரைக் கொண்டு சொல்லவைத்தார்கள். "பால்ல தண்ணி கலக்கலன்னு சொல்லுங்கய்யா" என்றாள் ஒருத்தி. சொன்னார். "நெசமா?" பால்காரர் மூன்று சாமி மேல் சத்தியம் செய்தார், ஆனால் மறுநாளிலிருந்து பாலில் ஆடை கட்டியது. மீன்காரர் தராசுத்தட்டின் அடியிலிருந்து புளி உருண்டையைத் தானே எடுத்துப் போட்டார். அம்மாவிடம் பேசுகிறேன் பேசுகிறேன் என்று மூன்று வருஷமாக ஒரு பெண்ணை அலையவிட்டவன் அந்த வாரமே பேசினான். நாள் குறித்திருந்த இன்னொரு கல்யாணம் நின்றுபோனது.

ஆனால் குரலுக்குப் பொய்யும் ஒன்றுதான், உண்மையும் ஒன்றுதான் என்பது சீக்கிரமே தெரிந்தது. "இன்னைக்கு வெள்ளிக்கிழமை" என்று சவரிநாயகம் சொன்னபோதும் அது "நெசமா?" என்றது, கூடத்தில் இருந்த ஏழு பேரும் எழுந்து காலண்டரைப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமைதான். இருந்தாலும் பக்கத்து வீட்டுக் காலண்டரையும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார்கள். அதன் பிறகு பொன்மலையில் எதையும் யாரும் ஒரே தடவையில் நம்புவதில்லை என்றாகிவிட்டது: பட்டறைச் சங்கு ஊதினால் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள், கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு செல்போனைப் பார்த்தார்கள், பெண்டாட்டிமார் புருஷன் தும்மினாலும் எதற்குத் தும்மினாய் என்று கேட்டார்கள்.

பங்குச்சாமியார் வீடு மந்திரிக்க வந்தார். விசுவாசப் பிரமாணத்தைச் சவரிநாயகத்தையே சொல்லச் சொன்னார். 'விசுவசிக்கிறேன்' என்று சொல்லி அவர் மூச்சு நிறுத்தினார். "நெசமா?" சாமியார் தீர்த்தச் செம்பைக் கீழே வைத்தார். "கேக்கட்டும். தினம் நம்மள யாராவது கேக்கணும்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் ரொம்பச் சின்னதாக இருந்தது.

எல்லாருக்கும் ஏதோ ஒரு நன்மை நடந்தது. அகத்தாவுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. தன் வீட்டில், தன் அடுப்பங்கரைக்கு மேலே, தன்னால் துரத்தப்பட்டவள் இருபத்து மூன்று வயதுக் குரலோடு குடியிருக்கிறாள். மாதாவிடம் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினாள். பிரயோஜனமில்லை. புருஷனிடம் பேச்சைக் குறைத்துப் பார்த்தாள். அவர் தனியாக "வெயில் ஜாஸ்தியா இருக்கு" என்று சொல்லிக்கொள்ள, அதற்கும் மேலேயிருந்தவள் 'நெசமா?' என்று கேட்டாள். இரண்டு பேரும் தன்னை விட்டுவிட்டு வெயிலைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள் என்று அகத்தா அன்று மத்தியானம் அழுதாள்.

இந்தச் சமயத்தில்தான் பக்கிரிசாமி வந்தார். அவர் இன்ஸ்டிடியூட்டின் செயலாளர், ரிட்டயரான சார்ஜ்மேன், எதையும் எழுத்தில் வைத்தால்தான் நம்புகிறவர். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் சோல் சவரிக்குப் பாராட்டு விழா, விழா மலரில் அவர் வாழ்க்கை வரலாறு மூன்று பக்கம் என்று முடிவாகியிருந்தது.

"மொதல் மேடை எப்பண்ணே?"

"பதினேழு வயசுல."

"நெசமா?"

பக்கிரிசாமியின் பேனா நின்றது. "பத்தொம்போதா இருக்கும்ப்பா" என்றார் சவரிநாயகம். பக்கிரிசாமி அடித்துவிட்டு எழுதினார். ஒரு சனிக்கிழமைக்கு ஐந்நூறு பேர் வந்தது முந்நூறாகி, முந்நூறு நூற்றெண்பதானது. மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய ஹோட்டல்காரன் கார் அனுப்பிக் கூப்பிட்டது, கடிதம் போட்டதாகி, கடைசியில் யாரோ அப்படிச் சொன்னதாக ஞாபகம் என்றானது. பேர், பிறந்த தேதி, பாடினார் என்ற மூன்று விஷயம்தான் நோட்டில் மிஞ்சியது.

"இதுக்கு மூணு பக்கம் எதுக்குண்ணே, மூணு வரி போதும்" என்றார் பக்கிரிசாமி, நொந்துபோய்.

சவரிநாயகம் சிரித்தார். "போதும்ப்பா. நோட்ட மூடு, சும்மா கேளு. நான் ஒண்ணும் பெரிய பாட்டுக்காரன் கிடையாது. இந்த சோல் பாட்டுல ஒரே ஒரு சூட்சுமம்தான். ஒரு வரியச் சொல்லிட்டு வாய மூடணும். ரெண்டு தட்டு. மூடத் தெரியாதவன் எம்புட்டு நல்லாப் பாடுனாலும் அது கத்தல்தான். அந்த ரெண்டு தட்டுல நம்மள ஒருத்தர் நம்பணும், இல்ல நம்பாமப் போகணும். எது நடந்தாலும் பாட்டுக்கு உயிர் வந்துரும். வாழ்க்கையும் அப்படித்தான்னு வச்சுக்க. ஒண்ணுமே நடக்கலன்னாதான் கஷ்டம். நான் பாதி வாழ்க்கைய ஒண்ணுமே நடக்காத இடத்தப் பாத்துப் பாடியிருக்கேன்."

"நெசமா?" என்றது குரல், கொஞ்சம் தணிந்து.

"நெசந்தான்" என்றார் அவர். அவர் அந்தக் குரலுக்கே நேராகப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

டீ டம்ளர்களோடு வந்த அகத்தா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பக்கிரிசாமி அவளைப் பார்த்துவிட்டு, "அண்ணி, ஐரீன் அக்கா ஏன் விட்டுட்டுப் போனாங்கன்னு ஊர்ல இன்னமும் கேக்குறாங்க. மேடையில அண்ணனே சொல்லிட்டா நல்லா இருக்கும்" என்றார்.

"அதுக்கென்ன, சொல்லிட்டாப் போச்சு" என்றார் சவரிநாயகம்.

அகத்தா டம்ளரை வைத்த வேகத்தில் டீ பாதி மேசையில் கொட்டியது. பொன்மலை மொத்தமும் கூடியிருக்க, அவர் 'தானாவே போயிட்டா' என்பார், கூரையிலிருந்து அவள் 'நெசமா?' என்பாள். பால்காரரின் தண்ணீரைக் கண்டுபிடித்த ஊர் இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? நாற்பத்தெட்டு வருஷம் மாதா சபையில் முன்வரிசையில் நின்றவள், ஒன்றுமில்லாத சந்தேகத்துக்காக ஒரு பெண்ணின் பாட்டைப் பிடுங்கியவள் என்று ஆகிவிடுவாள்.

அவள் குல்சாரைப் பிடித்தாள். குல்சார் இரண்டு நாள் அங்கே இங்கே விசாரித்து, யாரோ ஒரு சித்தப்பா மகளிடமிருந்து பெர்த் நகரத்து நம்பரை வாங்கி, தன் செல்போனிலேயே போட்டுக் கொடுத்தாள். எடுத்ததும் நாய்கள் குரைக்கிற சத்தம்தான் முதலில் கேட்டது. அகத்தா தன் பேரைச் சொன்னாள்.

"யாரு? அகத்தாவா? புள்ளம்பாடி அகத்தாவா? மை காட், நீ இன்னும் இருக்கியா மேன்?"

"நான் இருக்கேன். நீ இருக்கியா?"

"நான் நல்லா இருக்கேன். ஏழு நாய் வச்சிருக்கேன்."

"உன் குரல் இங்க எங்க வீட்டுல வந்து உக்காந்திருக்கு. கூப்பிட்டுக்க."

"என் குரலா? அது இங்கதான் மேன் இருக்கு, நாய்ங்கள திட்டிக்கிட்டு." ஐரீன் சிரித்தாள். கரகரவென்று வயதான சிரிப்பு. என்ன பாட்டு என்று கேட்டாள். அகத்தா முதல் வரியைச் சொன்னாள். சொல்ல வராமல் இரண்டு தடவை சொன்னாள்.

"ஓ. அதுவா. மறந்தே போச்சு. நீ என்னை எறக்கிவிட்டப்ப ஒரு வாரம் அழுதேன், தெரியுமா? அப்புறம் கப்பல் டிக்கெட் வந்துச்சு, அதோட சரி. அந்த எடத்துல அப்புறம் யாரு பாடுனா? நீயா?"

"நானா? எனக்குப் பாட வராது."

"அதுல பாட என்னா மேன் இருக்கு? கேக்கணும், அவ்வளவுதான். இத்தன வருஷமா யாருமே கேக்கலையா? பாவம் சவரி." நாய்கள் மறுபடி குரைத்தன. "சரி மேன், காட் ப்ளஸ்" என்று வைத்துவிட்டாள்.

அகத்தா செல்போனைக் குல்சாரிடம் கொடுத்துவிட்டு அப்படியே தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஐரீன் மறந்துவிட்டாள். ஏழு நாய்களோடு நிம்மதியாக இருக்கிறாள். அப்படியானால் மேலே இருந்துகொண்டு கேட்கிறவள் யார்? எதிரி ஒருத்தி இருந்தவரைக்கும் அகத்தாவுக்கு ஒரு பிடிமானம் இருந்தது. இப்போது அதுவும் போய், சந்தேகத்தை யார்மேல் வைப்பது என்று தெரியாமல் அவள் வீட்டுக்கு வந்து வெறும் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இன்ஸ்டிடியூட்டில் நிற்க இடமில்லை. உண்மையைச் சொன்னால் பாதிப்பேர் சவரிநாயகத்தைவிடக் குரலைக் கேட்கத்தான் வந்திருந்தார்கள். பேண்டில் மிஞ்சியிருந்தது பல்செட் கட்டிய கிடார்காரர் ஒருவர்தான். டிரம் அடிக்கக் கோயில் பாடற்குழுவிலிருந்து ஆள் வந்திருந்தது. முன்வரிசையில் பட்டுச்சேலை கட்டி, ஜெபமாலையைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு அகத்தா உட்கார்ந்திருந்தாள்.

சவரிநாயகம் மைக்கைப் பிடித்தார். "எல்லாருக்கும் வணக்கம்."

"நெசமா?" என்றது மேலிருந்து. கூட்டம் சிரித்தது.

"எனக்கு எழுபத்தி நாலு வயசாச்சு."

"நெசமா?" மறுபடி சிரிப்பு. பட்டறையைச் சொன்னார், மன்றாட்டு மாலையைச் சொன்னார், கப்பல்காரன் கொண்டுவந்த இசைத்தட்டைச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் அது கேட்டது, ஒவ்வொன்றுக்கும் ஜனங்கள் சிரித்தார்கள். அகத்தா சிரிக்கவில்லை. அவர் எந்தப் பக்கம் போகிறார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"இந்தப் பாட்டுல என்கூட ஐரீன்னு ஒருத்தவங்க பாடுனாங்க. உங்கள்ல பெரியவங்களுக்கு ஞாபகமிருக்கும். அவங்க ஏன் போனாங்கன்னு கேப்பீங்க." அவர் அகத்தா இருந்த பக்கம் பார்க்கவில்லை. "அவங்க தானாவே போயிட்டாங்க."

ரெண்டு தட்டு.

குரல் வரவில்லை. ஜனங்கள் காத்திருந்தார்கள். ஒருவர்பின் ஒருவராக அண்ணாந்து பார்த்தார்கள். மூன்று தட்டு, நாலு தட்டு. மின்விசிறிகள் சுற்றிய சத்தம்தான் கேட்டது. பக்கிரிசாமி மைக்கைச் சுண்டிப் பார்த்தார். கிழமையையும் கறிவேப்பிலையையும் விசுவாசப் பிரமாணத்தையும் விடாமல் கேட்ட குரல், கேட்க வேண்டிய அந்த ஒன்றைக் கேட்காமல் வாயை மூடிக்கொண்டுவிட்டது.

அகத்தா தப்பித்தாள். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், அந்தப் பொய் அந்த நிமிஷமே நிரந்தரமாக உண்மையாகிவிடும். ஆனால் அந்த அமைதியை அவள் இதற்கு முன்னால் உள்ளேயிருந்து கேட்டதில்லை. மேடையில் ஒரு மனுஷன் சொல்லிவிட்டு நிற்கிறார், யாரும் நம்பவுமில்லை, நம்பாமல் போகவுமில்லை. நாற்பத்தெட்டு வருஷம் இப்படித்தான் நின்றாரா என்று நினைத்தாள். நாற்பத்தெட்டு வருஷமாக அவரைச் சந்தேகப்பட்டாள். ஒருநாள்கூட வாய் திறந்து கேட்டதில்லை.

ஜெபமாலை கீழே விழ, அவள் எழுந்து நின்றாள்.

"நெசமா?" என்று கேட்டாள். சுருதியும் இல்லை, ஒன்றுமில்லை, தண்ணீர் வராத குழாய் மாதிரி ஒரு சத்தம்.

"இல்ல" என்றார் சவரிநாயகம். இந்த முறை அவர் இடைவெளியே விடவில்லை. "நாந்தான் போகச் சொன்னேன்."

"நான் சொல்லித்தான் சொன்னாரு" என்றாள் அகத்தா, ஊரைப் பார்த்து. "அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசை மாதா சபைப் பெண்கள் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். சவரிநாயகம் டிரம்காரரின் பக்கம் திரும்பித் தலையை அசைத்தார். தாளம் விழுந்தது. 'வந்துருவேன்னு சொன்னேனே' என்று அவர் எடுத்தார். நாற்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அகத்தாவின் பக்கமாகத் திரும்பி நின்று பாடினார், நிறுத்தினார், அவள் நின்ற இடத்திலிருந்தே 'நெசமா?' என்று கேட்டாள். முதல் தடவை முந்திவிட்டாள். இரண்டாவது தடவை பிந்திவிட்டாள். மூன்றாவது தடவை தாளம் சரியாக வந்தது, சுருதி எங்கோ போனது. கிடார்காரர் பல்செட்டைக் கடித்துக்கொண்டு சமாளித்தார். கூட்டத்தில் ஒருவரும் கூடச் சேர்ந்து பாடவில்லை, கூரையும் சத்தம் போடவில்லை. கடைசி வரிக்கு அகத்தா தலையைக்கூட லேசாகச் சாய்த்தாள்.

விழா முடிந்து, மாலையைப் பக்கிரிசாமியிடமே கொடுத்துவிட்டு, இரண்டு பேரும் பொன்மலைச் சந்தை வழியாக வீட்டுக்கு நடந்தார்கள். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. சவரிநாயகம் ஒரு கடையில் நின்று முருங்கைக்காய் வாங்கி, அவளுடைய பையில் செருகினார்.

"அந்த எடத்த யாருக்குங்க வச்சிருந்தீங்க?" என்றாள் அகத்தா. "அவளுக்குத்தானே?"

"உனக்குத்தான்" என்றார் அவர்.

ரெண்டு தட்டு. அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். கத்தரிக்காய்க்காரர் கூவினார், எங்கோ ஆடு கத்தியது, மேலேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. இனிமேல் வராது என்றும் அவளுக்குத் தோன்றியது. கேட்பதாக இருந்தால் அவள்தான் கேட்க வேண்டும். சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சவரிநாயகம் நடையைக் குறைத்து, அவள் பக்கம் பார்க்காமல், காத்திருந்தார்.

அகத்தா பையிலிருந்து ஒரு முருங்கைக்காயை உருவி, முறுக்கிப் பார்த்தாள்.

"முத்தலா இருக்கே."

"இளசுன்னுதான் சொன்னான்" என்றார் அவர்.

"நெசமா?" என்று கேட்டாள் அகத்தா.